மலைச்சாமியின் சீடர்கள்

அந்த வருடம் கொரியாவின் சியோல் நகரத்தில் காலைத் தூக்கி உதைக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மலைச்சாமி, அதாவது மலைக்கோயில் பிக்கு ஒருவர், தேவைப்பட்டார். உதைச் சண்டைக் கலையான டேக்வாண்டோவின் வரலாற்றை எழுத அதன் சங்கம் உட்கார்ந்துவிட்டதுதான் காரணம். இரண்டாயிரம் வருட வரலாறு. அடேயப்பா. அந்தப் பெயரை வைத்து இருபது வருடம்கூட ஆகவில்லை. பெயர் வைத்த காலத்தில் கூட இருந்து பார்லித் தண்ணீர் குடித்தவர்கள் இன்னும் பல் விழாமல் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் இரண்டாயிரம் என்று மேலே முடிவாகிவிட்டது. கீழே இருப்பவர்கள் அதை எதையாவது போட்டு நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஒவ்வொரு பயிற்சிக்கூடமும் தன் வித்தை யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதில், நாட்டை முப்பத்தைந்து வருடம் அடிமையாக வைத்திருந்த ஜப்பானின் வாடையே அடிக்கக் கூடாது. அடித்தால் கூடத்தின் பெயர் புத்தகத்தில் வராது. புத்தகத்தில் வராத கூடம் கொடுத்த கறுப்புப் பட்டை எங்கேயும் செல்லாது. பெயர்ப்பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்துவிடலாம்.

முதலில் ஞாபகம் வந்தது தாக் சங்பே மாஸ்டருக்கு. கியோட்டோவில் மருந்தாளர் படிப்பு படிக்கும்போது அங்கேயே கராத்தே கற்றுக்கொண்டவர் அவர், ஊரறிந்த விஷயம். இப்போது திடீரென்று, வடகிழக்கு மலையில் பொபுன் என்ற பிக்குவிடம் ஏழு வருடம் வித்தை பயின்றது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிறகு அது கொட்டாவி மாதிரிப் பரவியது. ஒரே மாதத்தில் ஐந்து பெரிய மாஸ்டர்களுக்கு அதே மலை, அதே கோயில், அதே சாமி. ஐந்து பேரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் அங்கே இருந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லையாம். மலை அவ்வளவு பெரிது போலிருக்கிறது.

ஆறாவது ஆள் மெங் ஹாக்சு. நகரத்தின் யோங்துங்போ பகுதியில் நிலக்கரி வில்லைக் கிடங்குக்கு மேல்மாடியில் கூடம் வைத்திருந்தார். நூற்பாலைத் தொழிலாளிகளும் கசாப்புக்கடைப் பையன்களும்தான் அவருடைய மாணவர்கள். மெங்கிடம் சாமி யாரும் இல்லை. சுவரில் ஒரு புகைப்படம்தான் இருந்தது. வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, யாரோ காலை மிதித்துவிட்டுப் போனது போன்ற முகம். பெயர் தோமோரி. ஜப்பானின் தென்கோடியில், தனிப் பேச்சுள்ள ஓகினாவா தீவுக்காரர். டோக்கியோவில் ஒரு தோஃபுக் கடையின் பின்கொட்டகையில் கராத்தே சொல்லிக் கொடுத்தவர். காலையில் பால் போட்டுவிட்டு மத்தியானம் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மெங்குக்கு அந்தக் கொட்டகைதான் வீடு.

மெங் அந்தப் படத்தை மாட்டி வைத்திருந்ததற்கு வித்தை மட்டும் காரணமில்லை. கொரியர்கள் எல்லோரும் தங்கள் பெயரை எறிந்துவிட்டு ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜப்பான் அரசாங்கம் கழுத்தைப் பிடித்த காலம் அது. கொட்டகைச் சுவரில் மாணவர்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்கும். மெங்கின் பழைய பெயரை மாற்றச் சொல்லி ஒரு போலீஸ்காரன் வந்து நின்றான். தோமோரி மையைத் தொட்டு, அழியப் போயிருந்த 'மெங்' என்ற எழுத்தின் மேலேயே இன்னொரு தரம் தடிமனாக எழுதி மாட்டினார். "என் ஊர்ப் பேரும் உங்களுக்கு வாயில நுழையாது. இவன் பேரும் அப்படியே கிடக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். மெங் அன்று அவருக்குத் தலை வணங்கினார். வாழ்க்கையில் அதற்குப் பிறகு யாருக்கும் அப்படி வணங்கியதில்லை.

சங்கத்தின் வரலாற்றுக் குழுச் செயலாளர் பியோ மன்ஹோ ஒரு மத்தியானம் மாடியேறி வந்தார். ஓய்வு பெற்ற மேஜர். அதற்கும் முன்னால் மெங்கின் முதல் மாணவன். மூக்கு ஒழுக வந்து சேர்ந்த பயல், இப்போது கார் வைத்திருந்தான்.

"வாத்தியாரே, உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருந்துச்சு. உன்னைப் பார்த்ததும்தான் வயித்தைப் பிசையுது. உக்காரு."

பியோ உட்கார்ந்தார். பேச்சை வளர்க்கவில்லை. "ஒரே ஒரு வரி வாத்தியாரே. பொபுன் சாமிகிட்ட ஏழு வருஷம்னு எழுதிக் கொடுத்துடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அதென்னடா எல்லாருக்கும் ஏழு?"

"ஆறுன்னா அரைகுறையா விட்டுட்டு ஓடி வந்த மாதிரி இருக்கு. எட்டுன்னா மண்டையில ஏறாதவன் மாதிரி இருக்கு." பியோ இதைச் சிரிக்காமல் சொன்னார். குழுவில் இதற்கென்றே ஒரு சாயங்காலம் விவாதம் நடந்திருக்க வேண்டும். "அப்புறம், சுவத்துல இருக்கற மொட்டைத்தலையை இறக்கிடணும். ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுல படக் கூடாது."

"அந்த மொட்டைத்தலை இல்லேன்னா நீ மேஜரும் இல்ல, மசுரும் இல்ல. மார்க்கெட்ல முட்டைக்கோஸ் மூட்டை தூக்கிட்டு இருந்திருப்பே." மெங் எழுந்து நின்றார். "சரி, ஒண்ணு கேக்கறேன். உன்னோட பின்னுதை இருக்கே, அது யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான்."

"பொய். எனக்கே அது வராது. படத்துல இருக்கற இந்த மனுஷன் இடுப்புக்கு மேல காலைத் தூக்கி நான் பார்த்ததில்ல. எனக்கும் தூக்கச் சொல்லிக் கொடுக்கல. போர் முடிஞ்ச மறு வருஷக் குளிர்ல, கைய வெச்சு மூஞ்சில அடிக்கக் கூடாதுன்னு விதி போட்டு, மூங்கில் கவசத்தைக் கட்டிவிட்டு, உன்னை அந்த நெட்டைப் பயலோட மோத விட்டேன். உன்னால கிட்டவே போக முடியல. ஈரத் தரையில வழுக்கித் திரும்பிட்டே. விழுறதுக்குள்ள குதிகால் போய் அவன் கவசத்தைப் பொளந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

பியோ தன் குதிகாலை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"அப்புறம் அந்தக் குளிர் முழுக்க அந்த வழுக்கலையே பழகினே. விழுந்து விழுந்து முட்டியில தோலே இல்ல. இன்னிக்கு ஊர்ல இருக்கற சின்னப் பயலெல்லாம் சுத்தி உதைக்கறானே, அது அங்கதான்டா பொறந்துச்சு. நம்மளோடதுன்னு சொல்லிக்க நம்மகிட்ட இருக்கறதே அதுதான். இருபது வருஷம் ஆகல. நம்ம கண்ணு முன்னாடி வந்தது. அதைக் கொண்டுபோய் இல்லாத சாமி ஒருத்தன் காலடியில போட்டுட்டியே, உனக்கு நெஞ்சு எரியல?"

"இருபது வருஷத்தை யார் வாத்தியாரே மதிக்கறாங்க?" என்றார் பியோ. குரலில் கோபமே இல்லை. அதுதான் மெங்குக்கு எரிச்சலைக் கிளப்பியது. "வெளிநாட்டுக்காரன் முதல்ல கேக்கறதே, உங்க கலை எவ்வளவு பழசுன்னுதான். என் மாமியார் வீட்டு சோயா ஜாடி அதைவிடப் பழசு. சரி, எழுத வேண்டாம். வர்ற வாரம் அந்த மலைக்கோயில்ல பொபுன் சாமி பேர்ல கல்வெட்டு திறக்கறோம். சும்மா விருந்தாளியா வாங்க. உங்க பேரை எப்படியாவது உள்ள தள்ளிடறேன். உங்க பையன்களோட பட்டையையாவது நினைச்சுப் பாருங்க."

பையன்கள் என்றதும் மெங் மறுபடி உட்கார்ந்துவிட்டார். நாலு வருடம் ரத்தம் கட்டிய காலோடு பட்டை வாங்கிய பிள்ளைகள். படத்தை இறக்குவதில்லை, அந்த வரியை எழுதுவதில்லை, ஆனால் போய் வருவதில் என்ன வந்துவிட்டது என்று கிளம்பினார். வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி உண்மைதான்.

பேருந்தில் ஐந்து மாஸ்டர்களும் வெள்ளை உடுப்பில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரன் ஒருவனும் கூட வந்தான். தாக் சங்பே வழி நெடுக அவனிடம், விடியலில் சாமி தன்னை அருவிக்கடியில் நிற்க வைத்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் பேருந்து நின்றதும் எந்தப் பக்கம் ஏறுவது என்று ஓட்டுநரைக் கேட்டவரும் அவரேதான். ஏழு வருடம் ஏறி இறங்கிய மலை.

கோயிலில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பொறுப்பான ஹேவோல் சாமி வரவேற்றார். ஒல்லியான மனிதர். கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். கல்வெட்டு வைக்க இடம் கொடுத்தது தலைமைச் சாமி. இவருக்கு அதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை போலிருந்தது.

"பொபுன் சாமின்னு இங்க யாரும் இருந்ததா நான் கேள்விப்படலயே" என்றார். "இறந்துபோன சாமிங்க உருவமெல்லாம் அந்த மண்டபத்துல இருக்கு. அதுலயும் காணோம்."

"போர்ல எரிஞ்சிருக்கும் சாமி" என்றார் பியோ உடனே.

"மண்டபம் எரியலயே."

"அவர் உருவம் மட்டும் எரிஞ்சிருக்கும்."

ஹேவோல் சாமி தலையை ஆட்டிக்கொண்டு, "சாப்பிட வாங்க. நம்ம கோயில்ல வளர்ந்த பிள்ளைங்கதானே, பிக்குகளோடயே வரிசையில உக்காருங்க. விருந்தாளிச் சாப்பாடு எதுக்கு" என்றார்.

கூடத்தில் பேச்சு கிடையாது. எல்லோரும் சுவரோரம் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நாலு மரக்கிண்ணங்கள். மூங்கில் கட்டை தட்டினதும் சோறு, சூப், காய் வந்தது. ஒரு கிண்ணத்தில் சுத்தத் தண்ணீர். மிளகாய்த் தூளில் ஊறிய முட்டைக்கோஸ் கிம்ச்சியும் இரண்டு துண்டு முள்ளங்கி ஊறுகாயும் வைத்தார்கள். மலையேறிய பசி, மாஸ்டர்கள் வெளுத்துக் கட்டினார்கள். தாக் சங்பே ஊறுகாயைக் கடித்த சத்தம் அந்த மௌனத்தில் ஓடு உடைகிற மாதிரிக் கேட்டது. ஐந்து பேருமே மிச்சம் வைக்காமல் கடித்துத் தின்றார்கள்.

மெங் ஒரு துண்டைத் தின்றார். இன்னொன்றைச் சூப்பில் அலசிக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்ட வைத்தார். கை தானாகச் செய்த காரியம். போர் வந்த கோடையில், வட கொரியப் படைக்குப் பயந்து, வேறொரு மலைக் கோயிலில் மூன்று மாதம் ஒளிந்துகொண்டு சமையல்கட்டில் எடுபிடி வேலை பார்த்திருக்கிறார். அங்கே அவர் ஒரு குத்தும் கற்றுக்கொள்ளவில்லை, ஒரு உதையும் கற்றுக்கொள்ளவில்லை. கிண்ணம் கழுவ மட்டும் கற்றுக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் காந்தல் சோற்று வெந்நீர் வந்தது. பிக்குகள் எல்லோரும் மிச்சம் வைத்திருந்த ஊறுகாய்த் துண்டைச் சாப்பாட்டுக் குச்சியால் பிடித்து, அந்த வெந்நீரில் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்கள். பிறகு அந்த நீரைக் குடித்துத் துண்டையும் தின்றார்கள். முதல் நாள் வந்து சேரும் பொடியன் பிக்குவுக்கும் முதல் பாடம் அதுதான். ஐந்து பெரிய மாஸ்டர்களும் காலியான கிண்ணங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தாக் சங்பே விரலை விட்டு வழித்துப் பார்த்தார்.

பத்திரிகைக்காரன் பக்கத்திலிருந்த பிக்குவிடம் கிசுகிசுத்து விவரம் கேட்டுக்கொண்டான். பிறகு வரிசையை ஒருமுறை பார்த்தான். பியோவுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் மேஜராக இருந்தவன் இல்லையா, பின்வாங்குகிற இடத்திலும் முன்னேறத் தெரியும். மௌனத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மெங்கைக் கையால் காட்டினார்.

"இதோ பாருங்க தம்பி, எங்க மெங் மாஸ்டர். துண்டை வெச்சிருக்கார் பாத்தீங்களா? மத்தவங்களுக்கு வயசாச்சு, மறந்துட்டாங்க. இவர் மறக்கல. பொபுன் சாமியோட நேரடிச் சீடர். வாயைத் திறந்து சொல்ல மாட்டார், அவ்வளவு அடக்கம். ஆனா கை சொல்லுது."

கூடமே மெங்கைத் திரும்பிப் பார்த்தது. மெங்குக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு துண்டு முள்ளங்கியில் எல்லாம் முடிந்துவிடும். கிண்ணத்தைத் துடைத்தால் போதும். எழுத வேண்டாம், பேச வேண்டாம். பலகை நிற்கும், பட்டைகள் செல்லும். பையன்களின் முகம் ஒவ்வொன்றாக வந்து போனது. தோமோரியின் மை தொட்ட தூரிகையும் வந்தது.

துண்டை எடுத்தார். வாயில் போட்டார். கடித்தார்.

அதன் சத்தம் கூடத்தின் மறுகோடிவரை போனது. தாக் சங்பே கடித்ததைவிடப் பலமாகவே கடித்தார். பியோவின் கை காட்டினபடியே அந்தரத்தில் நின்றது.

கடைசியாக, சுத்தத் தண்ணீரில் அலசி வாளியில் ஊற்றும் கட்டம் வந்தது. அந்த நீர் பசித்த பேய்களுக்குப் போவது. அவற்றின் தொண்டை ஊசித்துளை அளவு. ஒரு பருக்கை இருந்தாலும் எரியுமாம். அதனால் வாளி நீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அன்றைக்கு மிளகாய்த் தூளும் சோற்றுப் பருக்கையுமாக மிதந்தது. ஹேவோல் சாமி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"இதைப் பேய்ங்களுக்குக் கொடுக்க முடியாது. அதுங்க ஒரு தப்பும் பண்ணல" என்றார். "ஊத்தினவங்களே குடிச்சுடுங்க. ஏழு வருஷம் இருந்தவங்களுக்கு வழக்கம் தெரிஞ்சிருக்குமே."

குடித்தார்கள். கறுப்புப் பட்டையில் பொன்னெழுத்துப் போட்ட ஐந்து மாஸ்டர்களும் வாளித் தண்ணீரை ஆளுக்கொரு கிண்ணம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள். பியோவும் தப்பவில்லை. மெங்கும் தன் பங்கைக் குடித்தார். அவர் ஒருவர்தான் அதை ருசித்துக் குடித்தார். கல்வெட்டை அவசர அவசரமாகத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி வரும் பேருந்தில் அருவிக் கதை எதுவும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பியோ ஒரு பெட்டி பேரிக்காயோடு மாடியேறி வந்தார். தோமோரியின் படத்துக்கு முன்னால் நின்று, இருபது வருடத்துக்கு முன்னால் செய்தது போலக் குனிந்து வணங்கினார். மெங் அதை எதிர்பார்க்கவில்லை.

"அன்னிக்கு அந்தத் தண்ணி இன்னும் என் தொண்டையிலயே நிக்குது வாத்தியாரே. நீங்க சொன்னதெல்லாம் ராத்திரி பூரா ஓடுச்சு. உங்க கூடத்தோட பேரு புத்தகத்துல வரும், அது என் பொறுப்பு. நீங்க ஒரு வரியும் எழுத வேண்டாம். இந்தப் படமும் இப்படியே இருக்கட்டும்."

"திடீர்னு என்னடா ஞானோதயம்?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தப் படத்தை ரெண்டு நாள் கொடுங்க. ஸ்டுடியோவுல ஒரு பிரதி எடுத்துக்கறேன். என் வீட்டுலயும் மாட்டணும். இவர் இல்லாம நீங்க இல்ல, நீங்க இல்லாம நான் இல்லையே."

உலகத்தில் எல்லோரையும் ஒரு சல்லடையில் சலித்துப் பார்க்கும் மெங், அந்த இடத்தில் சலிக்க மறந்தார். தோமோரிக்குத் தலை வணங்க இன்னொரு ஆள் கிடைத்தான் என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. தன் கையாலேயே படத்தை ஆணியிலிருந்து எடுத்து, துணியில் சுற்றிக் கொடுத்தார். கண்ணும் கொஞ்சம் கலங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னபடி இரண்டாம் நாள் படம் திரும்பி வந்தது. துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, பட்டுத்துணி முதுகு. மெங் கூடத்தின் பெயர் அதில் இருந்தது. பியோ வாக்குத் தவறவில்லை. முதல் பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு ஒரு படம். வழுக்கைத் தலை, யாரோ காலை மிதித்துவிட்டுப் போனது போன்ற முகம். வெள்ளைச் சட்டை கழுத்துக்குக் கீழே தூரிகையால் பிக்கு அங்கியாகியிருந்தது. கையில் ஜபமாலையும் வரைந்திருந்தார்கள். கீழே: 'நமது கலையைக் காத்தளித்த மகாகுரு பொபுன் சாமி. இந்த அரிய படம் அவரது நேரடிச் சீடர் மெங் ஹாக்சுவின் கூடத்திலிருந்து கிடைத்தது.'

பேரே மாறக் கூடாது என்று மை தொட்டு எழுதியவருக்குப் பெயரை மாற்றியாகிவிட்டது. மெங் அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. பியோவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் காறித் துப்ப நினைத்தார். ஆனால் துப்புவதற்கும் அந்தப் பயலிடம் முகம் என்று ஒன்று மிச்சமிருக்க வேண்டுமே.

மறுநாளே கூடத்தில் கூட்டம். நூற்பாலைக்காரன் ஒருவன் தன் மனைவியையும் மாமியாரையும் கூட்டி வந்திருந்தான். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்த படத்தின் முன்னால் கைகூப்பி நின்றார்கள். மாமியார் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கீழே வைத்தாள்.

"அவர் சாமி இல்லம்மா" என்றார் மெங். "ஓகினாவாக்காரர். பேரு தோமோரி. எனக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்தவர். சாகே சரக்குன்னா உயிர், ரெண்டு கல்யாணம் வேற பண்ணினவர்."

மாமியார் மருமகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "பத்திரிகையில போட்டிருந்தது சரிதான். வாயைத் திறந்து ஒத்துக்கவே மாட்டாராம். எவ்வளவு அடக்கம் பாரு."

மாணவர்கள் பெருமையாகச் சிரித்தார்கள். மூத்த மாணவன் ரியூ, "எங்க மாஸ்டர் எப்பவும் இப்படித்தான்" என்றான். மெங் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த முகங்களுக்காகத்தான் கோயிலுக்குப் போனார். இவர்களுடைய பட்டை இனி எங்கே போனாலும் செல்லும்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, சங்கம் இறக்கச் சொன்னபோது இறக்காத படத்தை மெங் தானே இறக்கினார். பழைய வெள்ளை உடுப்பில் சுற்றித் துணிப்பெட்டியின் அடியில் வைத்தார். அந்த ஆரஞ்சைப் பிய்த்துத் தின்றார். புளித்தது.

காலையில் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு சதுரம். ரியூ குரல் கொடுத்ததும், பழக்க தோஷத்தில், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பிக் குனிந்தார்கள்.

"நல்லாக் கும்பிடுங்க" என்றார் மெங். "அந்த ஆணியாவது ஆணின்னே சொல்லிக்கிட்டு நிக்குது."

மாணவர்கள் இதையும் பெரிய தத்துவம் என்று நினைத்து இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள். மெங் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, பின்னுதையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.